ஒரு கடிக்காக ஒரு ராத்திரி: அமெரிக்க பார்பெக்யூ போட்டி டீம்களுக்குள் என்ன நடக்கிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடியதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? படம், பிரியாணி, தூக்கம்... அமெரிக்காவின் மிசௌரி, கான்சாஸ், டென்னஸி மாநிலங்களில் சிலர் அதே நேரத்தில் பெரிய இரும்பு அடுப்பை டிரெய்லரில் ஏற்றி, வண்டியில் மாட்டி, சில மணி நேரம் ஓட்டி, ஒரு சின்ன ஊரின் மைதானத்தில் போய் இறங்குகிறார்கள். ராத்திரி முழுக்க கறி சமைக்கிறார்கள். மறுநாள் மதியம் 6 நடுவர்கள் ஒன்றிரண்டு கடி கடித்துப் பார்த்து மார்க் போடுகிறார்கள். பல டீம்கள் போட்ட காசைக்கூட எடுக்காமல் வீடு திரும்புகின்றன. ஆனால் அடுத்த போட்டிக்கும் வந்து நிற்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலானோருக்கு சமையல் தொழில் கிடையாது. வாரம் முழுக்க வேறு வேலை, வார இறுதியில் இது. அப்படி என்னதான் இருக்கு இதில்?

எங்கே தொடங்கியது?

ஹூஸ்டனின் புகழ்பெற்ற கால்நடைக் கண்காட்சியோடு சேர்ந்த பார்பெக்யூ போட்டி 1974-ல் தொடங்கியது. மெம்பிஸ் நகரப் போட்டி 1978-ல் வந்தது. கான்சாஸ் சிட்டியின் 'அமெரிக்கன் ராயல்' போட்டி 1980-ல். போட்டிகள் பெருகியதும் 'யாருக்கு எப்படி மார்க் போடுவது?' என்ற சண்டையும் வந்தது. அதற்குப் பொது விதிகளை வகுத்ததில் முக்கியமான அமைப்பு, 1980-களின் நடுவில் உருவான 'கான்சாஸ் சிட்டி பார்பெக்யூ சொசைட்டி'. சுருக்கமாக கே.சி.பி.எஸ். இன்று நாடு முழுக்க பல போட்டிகள் இதன் விதிப்படிதான் நடக்கின்றன.

4 கறி, 4 நேரம்

நீங்கள் ஒரு டீமில் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கே.சி.பி.எஸ். போட்டியில் உங்கள் டீம் 4 வகை சமைக்க வேண்டும்: கோழி, பன்றி விலா எலும்பு, பன்றித் தோள்கறி, மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட். கேஸ் அடுப்பில் சமைக்கக் கூடாது. விறகு, கரி, மரத்தூள் உருண்டை, இவைதான் எரிபொருள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஒருவர் வந்து உங்கள் கறியைப் பார்ப்பார். அதற்கு முன் உப்புகூடத் தடவக் கூடாது. வீட்டிலேயே மசாலா ஊறவைத்துக் கொண்டுவந்தால் செல்லாது. அவர் தலையாட்டிய பிறகுதான் மசாலாவில் கை வைக்கலாம். ஊசியால் உப்புச்சாறு ஏற்றுவது, மசாலாப் பொடி தடவுவது எல்லாம் அப்புறம்தான். கோழித் தொடையின் தோலை உரித்து, உள்பக்கக் கொழுப்பைக் கத்தியால் சுரண்டி, திரும்பப் போர்த்துவதற்கே ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஏன்? நடுவர் கடிக்கும்போது தோல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வரக் கூடாது.

சனிக்கிழமை மதியம் 12 மணிக்குக் கோழி, 12.30-க்கு விலா எலும்பு, 1 மணிக்குத் தோள்கறி, 1.30-க்கு பிரிஸ்கெட். இதுதான் வழக்கமான அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் முன்னே 5 நிமிடம், பின்னே 5 நிமிடம். அதைத் தாண்டினால் அந்தக் கறியில் கதை முடிந்தது.

ராத்திரி என்ன நடக்கும்?

பிரிஸ்கெட் உழைத்த தசை. அதில் கொலாஜன் எனும் கடினமான இணைப்புத் திசு நிறைய. அவசரப்பட்டால் செருப்புத்தோல்தான். சுமார் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில், பொதுவாக 10 மணி நேரத்துக்கும் மேல் புகையில் கிடந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகும். நம்ம ஊர் ஆட்டுக்கால் பாயா பிசுபிசுவென்று இருப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

நடுவில் ஒரு சோதனை வரும். கறியின் உள்சூடு 65-லிருந்து 75 டிகிரிக்குள் எங்காவது ஏறி, அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிடும். அடுப்பு எரிகிறது, மீட்டர் நகரவில்லை. கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பது போல அதைக் குளிர்விப்பதுதான் காரணம். புதிதாக வந்தவர் பயந்துபோய்த் தீயைக் கூட்டுவார். அனுபவசாலி அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்வார்.

ஆனால் தூங்க முடியுமா? அதெல்லாம் முறை வைத்துத்தான். ஒருவர் தீயைப் பார்ப்பார், ஒருவர் சாஸ் கவனிப்பார், ஒருவர் கடிகாரத்துக்கு. பாத்திரம் கழுவ ஒருவர். பெரும்பாலும் புதுசாகச் சேர்ந்தவர், அதாவது நீங்கள். அதிகாலை 3 மணிக்குத் தீ அணைந்துபோனால் பக்கத்து டீம்காரரிடம் கரி கேட்கலாம், கொடுப்பார். காலையில் அவரைத்தான் ஜெயிக்கணும் என்பது வேறு விஷயம்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

கறியை மூடி போட்ட ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். 6 நடுவர்களுக்குக் குறைந்தது 6 துண்டு. அடியில் கீரை, கொத்தமல்லி மாதிரி அனுமதிக்கப்பட்ட பச்சை இலைகள் பரப்பலாம். அலுமினியத் தாளின் ஒரு துணுக்கு உள்ளே கிடந்தால்கூடப் பெட்டி தகுதியிழக்கும். எந்தப் பெட்டி யாருடையது என்பது நடுவர்களுக்குத் தெரியாது.

ஒவ்வொரு நடுவரும் தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் 2 முதல் 9 வரை மார்க் போடுவார். மூன்றும் சமம் கிடையாது. தோற்றத்தை 0.56-ஆலும், சுவையை 2.2972-ஆலும், மென்மையை 1.1428-ஆலும் பெருக்குவார்கள். எல்லாவற்றிலும் 9 வாங்கினால் ஒரு நடுவரிடம் 36. மிகக் குறைந்த மார்க் போட்டவரை ஒதுக்கிவிட்டு, மீதி 5 பேருடையதைக் கூட்டினால் 180. நான்கு கறிக்கும் சேர்த்து உச்சம் 720. 700-ஐத் தாண்டினாலே பெருமைதான்.

இதில் மண்டை காய வைக்கும் விஷயம் என்ன தெரியுமா? கணக்கில் வரும் ஒரு நடுவர் சுவைக்கு 9-க்குப் பதில் 8 போட்டால் 2.2972 புள்ளி போச்சு. 8 என்பது 'மிக நன்று'. ஆனாலும் கோப்பை கைநழுவ அது போதும்.

'எலும்பைத் தொட்டதும் கறி உதிரணும்' என்று நாம் பாராட்டுவோமே, அது இங்கே குறை. விலா எலும்பில் கடித்த இடம் மட்டும் சுத்தமாக வரணும், மீதி எலும்போடு நிற்கணும். உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

செலவு, விமர்சனம்

பல போட்டிகளில் நுழைவுக் கட்டணமே சில நூறு டாலர். ஜெயிக்க நினைக்கும் டீம்கள் தேடும் உயர்ரக வாக்யு பிரிஸ்கெட் ஒன்றே 100 டாலரைத் தாண்டும். கோழி, பன்றி, விறகு, டீசல் எல்லாம் தனி. புதியவர்களுக்காக, குறைந்த செலவில் இரண்டொரு கறி மட்டும் சமைக்கும் 'பேக்யார்டு' பிரிவு சில இடங்களில் உண்டு.

காசு மட்டுமே பிரச்சினை இல்லை. நடுவர் ஒன்றிரண்டு கடியோடு நிறுத்திவிடுவார். அதனால் அந்தக் கடியிலேயே இனிப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். ஒருவர் ஜெயித்த சாஸை மற்றவர்களும் வாங்க, பெட்டிகள் எல்லாம் ஒரே ருசிக்கு வந்துவிடுகின்றன. 'இதை ஒரு தட்டு சாப்பிட என்னாலேயே முடியாது' என்று சமைத்தவர்களே சொல்வதுண்டு.

இன்னொரு கேள்வி இன்னும் ஆழமானது. அமெரிக்க பார்பெக்யூவை வளர்த்ததில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைப்பக்குவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கான்சாஸ் சிட்டி பார்பெக்யூவின் தந்தை என்று சொல்லப்படுபவர் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர். ஆனால் போட்டி மைதானங்களில் பெரும்பாலும் வெள்ளையர் டீம்கள்தான். டிரெய்லர், விலையுயர்ந்த அடுப்பு, வார இறுதி விடுமுறை, இதெல்லாம் யாருக்கு எளிதில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏன் போகிறார்கள்?

2011 மே 22. மிசௌரியின் ஜாப்ளின் நகரைக் கடும் சூறாவளி தாக்கியது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து போட்டி டீம்கள் தங்கள் டிரெய்லர்களை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். மின்சாரம், கேஸ், சமையலறை எதுவும் வேண்டாம். மைதானத்தில் ராத்திரி பகலாகப் பெரிய அளவில் சமைக்கத் தெரியும். முறை வைத்துத் தூங்கவும் தெரியும். பேரிடர் முகாமுக்குத் தேவையானதும் அதேதானே! இரண்டு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடு கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஆபரேஷன் பார்பெக்யூ ரிலீஃப்'. 2017-ல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியபோதும் இவர்கள் அங்கே அடுப்பு மூட்டினார்கள்.

கோப்பை கிடைக்காத நூறு சனிக்கிழமைகளில் பழகிய பழக்கம், ஒரு ஊருக்கே சோறு போட உதவியது. ஒரு டீமாக வேலை பார்ப்பது எப்படி என்று பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கத்தான் செய்கிறது.

வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனால் ஒரு போட்டியை எட்டிப் பாருங்கள். சுகாதார விதிகளால் டீம்களின் கறியைப் பொதுமக்களுக்குக் கொடுப்பது பல இடங்களில் கிடையாது. வாசனையோடு திரும்ப வேண்டியிருக்கலாம். மதியம் 12-லிருந்து 1.30 வரை மட்டும் யாரிடமும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். 2 மணிக்கு மேல் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்த ராத்திரியின் முழுக்கதையையும் சொல்வார்கள்.