கணையம் மாற்றியபின் சர்க்கரையைக் காத்தல்

1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலை வைத்தியசாலையில், நீரிழிவினால் சிறுநீரகங்களும் செயலற்றுப்போயிருந்த 28 வயதுப் பெண்ணொருவருக்கு, இறந்தவர் ஒருவரின் கணையத்தையும் சிறுநீரகத்தையும் வில்லியம் கெல்லியும் ரிச்சர்ட் லில்லெஹையும் ஒருசேரப் பொருத்தினார்கள். அந்தப் பெண் சில மாதங்களுக்குள் காலமாகிவிட்டாரெனினும், சில தினங்களேனும் இன்சுலின் ஊசி வேண்டாதிருந்தார் என்ற செய்தி, 1922 முதல் ஊசி ஒன்றையே நம்பி உயிர்வாழ்ந்த நோயாளிகளுக்கு வேறொரு வழியும் உண்டென்பதை மெய்ப்பித்தது. இன்று இரு அவயவங்களையும் ஒரே சமயத்தில் பெறுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு, ஓராண்டு கழிந்த பின்னும் புதிய கணையம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஊசி நின்ற பின்னர்

இரத்த ஓட்டம் கிடைத்த சில மணி நேரத்திலேயே புதிய கணையம் இன்சுலினைச் சுரக்கத் தொடங்கிவிடுவதால், முதல் நாளில் மணிக்கொரு முறை சர்க்கரையைச் சோதிக்கிறார்கள். உணவு உண்டதும் இன்சுலினைக் கூட்டுவதும், சர்க்கரை தாழ்ந்ததும் அதை நிறுத்திக் குளுகாகன் என்னும் எதிர்ச்சுரப்பை விடுவதும் ஆகிய இரண்டையும் அது தானே அறிந்து செய்கிறது. சர்க்கரை தாழ்வதை முன்கூட்டி உணரும் சக்தியை இழந்து, தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடுமோ என்று ஒவ்வோர் இரவும் அஞ்சிக் கிடந்தவர்கள் அந்த அச்சமின்றி உறங்குவதே, என் அபிப்பிராயத்தில், இச்சிகிச்சையின் தலையாய பலன்.

தாமதமாகத் தெரியும் அடையாளம்

ஆனால், சர்க்கரை சரியாக இருப்பதனாலேயே கணையமும் க்ஷேமமாக இருக்கிறதென்று முடிவு கட்டிவிடலாகாது. தேகம் இந்த அந்நிய அவயவத்தை நிராகரிக்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது செரிமானச் சாறுகளைச் சுரக்கும் பகுதியேயன்றி, இன்சுலினைச் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளல்ல. ஆகையால் இரத்தத்தில் அமைலேஸ், லைபேஸ் என்ற நொதிகள் முதலில் உயர்கின்றன. ஒரே கொடையாளரின் சிறுநீரகமும் பொருத்தப்பட்டிருந்தால் கிரியேட்டினின் உயர்வும் எச்சரிக்கை தருகிறது. சர்க்கரை உயர்வதற்குள் திட்டுகளிற் பல அழிந்துபோயிருக்கக்கூடும். குளுக்கோமீட்டரில் நல்ல எண்ணைக் கண்ட திருப்தியில், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லாமல் இருப்பவர்கள், காப்பாற்றக்கூடிய காலத்தையே கைநழுவ விடுகிறார்கள். சத்திர சிகிச்சை முடிந்த முதல் சில தினங்களில் சர்க்கரை திடீரென ஏறினால் மட்டும், கணையத்தின் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கக்கூடுமாதலால், அது கணப்பொழுதும் தாமதிக்கத் தகாத ஆபத்து.

பழைய வழக்கத்தின் அபாயம்

இருபது முப்பது ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர், எண் ஏறினால் ஊசியின் அளவைக் கூட்டவும் சோற்றைக் குறைக்கவும் தாமே பழகிக்கொண்டவராதலின், மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னும் அவ்வாறே நடக்க முற்படுவது இயல்பே. அன்று அவரைக் காத்த அந்த வழக்கமே இன்று அவருக்கு விரோதியாகிவிடுகிறது. நன்கு இயங்கும் கணையம் வெறும் வயிற்றுச் சர்க்கரையை 100 மில்லிகிராமை ஒட்டியே வைத்திருக்கும். அது 126ஐ எட்டுமாயின், காரணம் நிராகரிப்பாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றியிருக்கலாம். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தே இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்தியிருக்கலாம். கிருமித் தொற்றோ, ஏறிய உடல் எடையோ, அரிதாக, முதற்கணையத்தை அழித்த அதே நோயெதிர்ப்புக் கோளாறின் மறுவருகையோ இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறாகையால், வீட்டில் மிஞ்சிய இன்சுலினைப் போட்டுக்கொண்டு எண்ணைத் தணித்துவிடுவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. சர்க்கரையை ஏற்றுகிறதென்று கேள்விப்பட்டு டாக்ரோலிமஸைத் தாமாகவே குறைத்துக்கொள்வது அதனினும் கொடிது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அம்மருந்தின் இரத்த அளவு மாறக்கூடுமாதலால், அதையும் அன்றே வைத்தியருக்குத் தெரிவிப்பது அவசியம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் சோகையுள்ளவர்களிடத்தும் அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடத்தும் பிழைபடுவதுண்டு. கணையம் தானே எவ்வளவு சுரக்கிறதென்பதை அறிய சி-பெப்டைடு அளவு துணைசெய்யும்.

பத்து ஆண்டுகளின் பலன்

சிறுநீரகம் முற்றிலும் பழுதாகுமுன்னரே கணையம் மட்டும் பெற்ற எட்டு நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை, மினசோட்டா ஆய்வாளர்கள் தொடக்கத்திலும், ஐந்தாம் ஆண்டிலும், பத்தாம் ஆண்டிலும் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டனர். சர்க்கரை ஐந்தாண்டு சமநிலையில் இருந்த பின்னும் யாதொரு முன்னேற்றமும் தென்படவில்லை; பத்தாம் ஆண்டிலோ, தடித்துப்போயிருந்த வடிகட்டும் சவ்வுகள் பலரிடத்தில் இயல்பான நிலைக்கே திரும்பியிருந்தன. நீரிழிவு செய்த சேதம் மீளாதென்று அதுவரை எண்ணியிருந்த வைத்திய உலகம் இதைக் கண்டு வியந்தது. கண்ணின் விஷயம் சற்று வேறு: சர்க்கரை விரைந்து சமநிலைக்கு வரும் முதலாண்டில் சிலருக்கு விழித்திரை நோய் முற்றுவதுண்டாகையால், அந்தக் காலத்தில் கண் வைத்தியரை அடிக்கடி நாடவேண்டும். கால் நரம்புகளில் உணர்ச்சி மீளப் பல ஆண்டுகள் ஆகுமாதலால், பாதங்களைத் தினமும் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் கைவிடலாகாது.