சர்ச்சுக்கு முன்பே வந்த கல்லறை... மூணாறில் நடந்தது என்ன?

பொதுவா சர்ச் கட்டிய பிறகுதான் அதை ஒட்டி கல்லறைத் தோட்டம் வரும். மூணாறு சிஎஸ்ஐ கிறிஸ்து ஆலயத்தில் கதையே தலைகீழ்!

யார் அந்த எலினோர்?
1877-ல் கண்ணன் தேவன் மலையை பூஞ்சாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். அதன் பிறகே தோட்டங்கள் உருவாயின. அங்கே மேலாளராக இருந்த ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலினோர், 1894-ல் காலராவில் இறந்தார். அப்போது அங்கே சர்ச்சே இல்லை. அதனால் மலைச்சரிவிலேயே அடக்கம் செய்தார்கள்.

சர்ச் எப்போது வந்தது?
அடுத்தடுத்த மரணங்களால் அந்தச் சரிவே கல்லறைத் தோட்டமானது. அதன் கீழே கல் கட்டடமாக சர்ச் எழத் தொடங்கியது 1910-ல்தான். அதாவது, 16 வருஷம் கழித்து!

கல்லில் இல்லாத பெயர்கள்
இங்குள்ள பழைய கல்லறைகளில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள், அவர்கள் குடும்பத்தினரின் பெயர்கள். காடு வெட்டி, செடி நட்ட தமிழ்த் தொழிலாளர்களையும் காலராவும் மலேரியாவும் விட்டுவைக்கவில்லை. ஆனால், அவர்களில் பெரும்பாலோருக்கு பெயர் பொறித்த ஒரு கல்கூட கிடையாது.

இன்று அதே சர்ச்சில் தமிழிலும் ஆராதனை நடக்கிறது. மூணாறு போனால், சர்ச் வாசலோடு திரும்பிடாம பின்னால் இருக்கும் மேட்டையும் பார்த்துட்டு வாங்க.