வாக்குச்சாவடியில் அச்சம்: அலுவலரும் காவலரும் செய்ய வேண்டியவை

தேர்தல் பணி ஆணை கைக்கு வந்ததும் ஆசிரியர் அறையில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இயந்திரத்தையும் படிவங்களையும் பற்றியவை. மாதிரி வாக்குப்பதிவை எப்படி முடிப்பது, எந்த உறையில் எதை வைப்பது, முத்திரை எங்கே இடுவது? பயிற்சி வகுப்புகளின் நேரமும் இவற்றுக்கே சரியாக இருக்கிறது. "யாராவது வாக்காளரை மிரட்டினால்?" என்று ஒருவர் கேட்டால், "போலீஸ் இருப்பாங்க, பார்த்துக்குவாங்க" என்ற பதில் வருகிறது.

அந்தப் பதில் பாதிதான் சரி. வாசலில் நிற்கும் காவலர் எப்போது உள்ளே வரலாம், யாரை வெளியேற்றலாம் என்பவை பெருமளவு வாக்குச்சாவடி தலைமை அலுவலரின் சொல்லைப் பொறுத்தவை. அந்த நாற்காலியில் அமர்பவர்களில் மிகப் பலர் ஆசிரியர்கள். அந்த ஒரு நாளைக்குச் சட்டம் நம் கையில் என்னென்ன தந்திருக்கிறது என்பதை இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

எது மிரட்டல்?

வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதல் என்றதும் கும்பலாக நுழைந்து பெட்டியைத் தூக்கிச் செல்வதுதான் நினைவுக்கு வரும். அப்படியும் நடந்திருக்கிறது. 1990-இல் ஹரியானாவின் மேஹம் தொகுதி இடைத்தேர்தலில் வன்முறை வெடித்து, தேர்தலே ரத்தானது. ஆனால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135ஏ பிரிவு தரும் விளக்கம் இதைவிட விரிவானது. வாக்காளரை நேரடியாகவோ மறைமுகமாகவோ மிரட்டி, வாக்குச்சாவடிக்குச் செல்லவிடாமல் தடுப்பதும் 'கைப்பற்றுதல்' என்றே அப்பிரிவு சொல்கிறது. தண்டனை 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். செய்தவர் அரசு ஊழியராக இருந்தால் 3 முதல் 5 ஆண்டு வரை.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 171-ஆம் பிரிவு, வாக்குரிமையைச் சுதந்திரமாகப் பயன்படுத்துவதில் தலையிடுவதைக் குற்றமாக்குகிறது. உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு வரும் என்பதோடு, 'சாமி குத்தமாகிவிடும்' என்று பயமுறுத்துவதும் இதில் அடங்கும். பட்டியல் சாதி, பழங்குடி வாக்காளரை வாக்களிக்கக் கூடாது என்றோ, இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

வாக்குப்பதிவுக்கு முன்பே தொடங்கும் வேலை

மிரட்டல் பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கு வெகு தூரத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் தேர்தல் ஆணையம் முன்கூட்டியே ஒரு கணக்கெடுப்பை நடத்துகிறது. எந்தக் குடியிருப்பில், எந்தத் தெருவில் உள்ள வாக்காளர்கள் மிரட்டலுக்கு ஆளாகக்கூடும், மிரட்டக்கூடியவர்கள் யார் என்று மண்டல அலுவலர்களும் காவல்துறையினரும் அப்பகுதிகளுக்குச் சென்று விசாரித்துப் பட்டியலிடுகிறார்கள். பட்டியலில் உள்ளவர்களிடம் நன்னடத்தைப் பிணை வாங்கப்படுகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஆயுதப்படையினர் அத்தெருக்களில் கொடி அணிவகுப்பு நடத்துவதும் இதற்காகத்தான். அங்குள்ள சாவடிகளுக்கு நுண் பார்வையாளர், இணையவழி நேரலைக் கேமரா, கூடுதல் காவலர் ஆகிய ஏற்பாடுகள் வரும். பொதுமக்கள் 1950 என்ற உதவி எண்ணிலும் சி-விஜில் செயலியிலும் புகார் அளிக்கலாம். செயலியில் வரும் புகாரின் மேல் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்துள்ள இலக்கு.

வாசலில் யார், உள்ளே யார்?

தேர்தல் காலத்தில் அப்பணிக்கென நியமிக்கப்படும் காவலர்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்களாகச் சட்டம் கருதுகிறது. அவர்களின் இடம் சாவடியின் வாசல். தலைமை அலுவலர் அழைத்தாலொழிய, சீருடையிலோ சாதாரண உடையிலோ உள்ளே வந்து நிற்கக் கூடாது. காக்கிச் சட்டை வாக்களிக்கும் மறைவிடத்துக்கு அருகில் நின்றால், அதுவே சிலருக்கு அச்சத்தைத் தரும். நம்மைப் போலவே காவலரும் எந்த வாக்காளரிடமும் 'இவருக்குப் போடு' என்றோ 'போடாதே' என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் 129-ஆம் பிரிவின்படி குற்றம்.

சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது 130-ஆம் பிரிவின்படி குற்றம். ஒலிபெருக்கி வைத்தோ கூச்சலிட்டோ வாக்காளருக்கும் அலுவலருக்கும் இடைஞ்சல் செய்தால் 131-ஆம் பிரிவு பொருந்தும். இந்தக் குற்றத்தைச் செய்தவரைக் கைது செய்யும்படி தலைமை அலுவலர் பணித்தால், காவலர் கைது செய்தே ஆக வேண்டும். உள்ளே தகாத முறையில் நடப்பவரையும், நம் நியாயமான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரையும் வெளியேற்றும் அதிகாரத்தை 132-ஆம் பிரிவு தருகிறது. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு: வாக்களிக்க உரிமையுள்ள ஒருவரின் வாய்ப்பைப் பறிக்க இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. தகராறு செய்தவரும் வாக்காளர்தான். அவர் தன் வாக்கைச் செலுத்த நாம் இடம் தர வேண்டும்.

சத்தமில்லாத மிரட்டல்

என் அனுபவத்தில் மிகவும் கவனம் கேட்பது 'துணை'யாக வருபவர்கள் விஷயம்தான். பார்வையின்மையாலோ உடல் இயலாமையாலோ தானாக வாக்களிக்க முடியாதவருக்கு 18 வயது நிறைந்த ஒருவர் துணையாக வரலாம். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒருவருக்குத்தான் துணையாக இருக்க முடியும். வாக்கின் இரகசியத்தைக் காப்பதாகவும், அன்று வேறு யாருக்கும் துணையாகச் செல்லவில்லை என்றும் அவர் உறுதிமொழி தர வேண்டும். காலையில் ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர், மதியம் இன்னொரு தாத்தாவோடு வந்தால் மறுத்துவிடலாம். "பாட்டி, பட்டனை நீங்களே அழுத்துவீங்களா?" என்று முதியவரிடமே நேராகக் கேட்பது நல்லது. பல நேரங்களில் "அழுத்துவேனே" என்ற பதில் வரும்.

அடுத்தது, வராமல் போனவர்கள். இயந்திரம் வாக்களித்தவர்களைத்தான் எண்ணும். பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டவருக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாக்குப்பதிவு எண்ணிக்கையைச் சொல்லும்போது பட்டியலையும் ஒரு பார்வை பார்க்கலாம். மதியம் வரை ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்றால் மண்டல அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரோடு நடமாடும் காவல் குழு அத்தெருவுக்குப் போய்ப் பார்க்கும். வேலைக்குப் போயிருந்தார்கள் என்றால் நல்லது. வேறு காரணம் என்றால், வாக்குப்பதிவு முடிய இன்னும் சில மணி நேரம் இருக்கும்.

நிலைமை கைமீறினால்

கும்பல் உள்ளே நுழைந்து சாவடியைக் கைப்பற்றுகிறது என்றால் கைகலப்பில் இறங்குவது நம் வேலை இல்லை. கட்டுப்பாட்டுக் கருவியில் 'குளோஸ்' பொத்தானை அழுத்தி, வாக்குப்பதிவுக் கருவியின் இணைப்பைத் துண்டிக்கும்படி தேர்தல் நடத்தை விதிகளின் 49எக்ஸ் விதி சொல்கிறது. அதன்பின் எவரும் ஒரு வாக்கும் பதிவு செய்ய முடியாது. காவலரை அழைத்து, மண்டல அலுவலருக்கும் தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் தகவல் தர வேண்டும். அறிக்கையைப் பார்த்து மறுவாக்குப்பதிவு உட்பட எதை முடிவு செய்வதும் ஆணையத்தின் பொறுப்பு.

நடந்ததை நேரத்தோடு தலைமை அலுவலர் நாட்குறிப்பில் எழுதுவது மிக முக்கியம். 'சிறு சலசலப்பு, பின் அமைதி' என்ற வரி பின்னாளில் விசாரணைக்கு உதவாது. எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன சொன்னார்கள், காவலர் என்ன செய்தார், அதற்குள் எத்தனை வாக்கு பதிவாகியிருந்தது என்பவை இருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

உயர்நிலை வகுப்புகளில் குடிமையியல் பாடத்தோடு இதைச் சேர்த்துச் செய்யலாம். வகுப்புத் தலைவரை முதலில் கைதூக்கும் முறையில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்து அதே வேட்பாளர்களுக்கு மடித்த சீட்டில் வாக்களிக்கச் சொல்லுங்கள். இரண்டு முடிவுகளும் வேறுபட்டால் ஏன் என்று மாணவர்களே பேசட்டும். யார் எப்படி வாக்களித்தார் என்று எவரையும் கேட்க வேண்டாம். கைதூக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தவர்கள், சீட்டில் எழுதும்போது யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதை அவர்களே சொல்வார்கள். ஒப்புகைச் சீட்டு 7 விநாடி மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுவதும், மறைவிடத்தை அட்டையால் சூழ்ந்து வைப்பதும் எதற்காக என்று அதன்பின் விளக்கினால் எளிதில் புரியும். வீட்டுக்குப் போய், "நீ யாருக்குப் போட்டன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாது பாட்டி" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வீட்டில் ஒரு வாக்கு அச்சமில்லாமல் பதிவாகும்.