உறைந்து நிற்கும் கணினி

நம் பள்ளி மாணவி ஒருத்தி, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் பாட்டியாரின் அனுபவங்களைக் கேட்டு, வீட்டுக் கணினியில் கட்டுரையாக எழுதி வந்தாள். மூன்றாம் பக்கம் முடியும் தறுவாயில் சுட்டியை நகர்த்தினாள். திரையிலுள்ள அம்பு அசையவில்லை. தந்தையார் பதறிப்போய்ச் சுவரிலுள்ள மின்விசையை அணைத்துவிட்டார். மீண்டும் இயக்கியபொழுது முதற்பக்கம் மட்டுமே எஞ்சியிருந்தது. பாட்டியாருக்கு மறுபடியும் சொல்லப் பொறுமை இருந்தது. எல்லா வீட்டிலும் அவ்வாறு வாய்ப்பதில்லை. ஆதலின் இதனைப் பற்றி இம்மலரில் எழுத முன்வந்தோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்ட பின்னரே நம் வீடுகள் பலவற்றில் கணினி நுழைந்தது. அவற்றுள் கைமாறி வந்த பழைய கணினிகளும் உண்டு. அவை இடையிடையே உறைந்து நிற்பதில் வியப்பில்லை.

பிள்ளைகள் மவுஸ் என்று சொல்லும் சுட்டியை உருவாக்கியவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட். 1964இல் செய்யப்பட்ட முதற்சுட்டி, அடியில் இரு சக்கரங்கள் பொருத்திய ஒரு மரப்பெட்டியே! இன்றைய சுட்டியின் அடியில் சிறு விளக்கும் படக்கருவியும் உள்ளன. அக்கருவி மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை படம் பிடித்து, அசைவைக் கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையில் சுட்டி தடுமாறுவது இதனால்தான். அடியில் ஒரு தாளை விரித்தால் போதும்.

மங்கில் பால் இல்லையென்றால் மரம் வற்றிவிட்டது என்று அனுபவமிக்க தொழிலாளி உடனே முடிவு கட்டமாட்டார்; பால் இறங்கும் தகரத்தில் இலை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இங்கும் அவ்வாறே. உறைந்தது சுட்டியா, கணினியா? விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால், கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. உடனே கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தி எழுதியதைச் சேமித்துவிடலாம். பின்னர்ச் சுட்டியின் மின்கலத்தை மாற்றுக. வடத்தையோ செருகியையோ வேறு துளையில் செருகிப் பார்க்க. எங்களுள் ஒருவர் இதனை அறியாமல் புதுக் கணினியே வாங்கிவிட்டார்! பழையது, இருபது ரிங்கிட் சுட்டி ஒன்றை மாற்றியதும் நன்றாக ஓடிற்று.

விளக்கும் அசையாவிடில் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். நினைவகம் குறைந்த கணினியில் பல பக்கங்களை ஒருசேரத் திறந்தால் அது திணறும். கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், திணறும் செயலியை மட்டும் நிறுத்த வழி கிடைக்கக்கூடும். அதுவும் பயன்படாதபோதுதான் கணினியின் மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்தல் வேண்டும். சேமிக்காதவை அப்பொழுது போய்விடும்.

வெப்பமும் ஒரு காரணம். தகரக் கூரையின் கீழ், நண்பகலில், மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு உள்ளே கொதிக்கும். விசிறியில் தூசி படிந்தாலும் அவ்வாறே. வட்டு 'டிக் டிக்' என ஒலித்தால், பழுதுபார்க்கும் முன்னரே படங்களையும் கட்டுரைகளையும் வேறோர் இடத்திற்குப் படியெடுத்துக்கொள்க. குடும்பத்தின் பழைய தோட்டப் படங்கள் அதில் மட்டும் இருக்குமாயின், ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

அம்மாணவியின் வீட்டிற்கு நாங்கள் சென்றிருந்தபொழுது, கணினி எங்கள் கண்முன்னேயே மீண்டும் உறைந்தது. கேப்ஸ் லாக் விளக்கோ ஒழுங்காக எரிந்தது. சுட்டியின் செருகி, தேய்ந்த முன்புறத் துளையில் தளர்ந்திருந்தது, அவ்வளவே. பின்புறத் துளைக்கு மாற்றினோம். பாட்டியாரின் கதை இப்பொழுது ஐந்து பக்கம் ஆகியிருக்கிறது. முதன்முறை சொல்ல மறந்தவற்றையும் அவர் சேர்த்துச் சொன்னாராம்.