பிரிக்காத கயிறு

சனிக்கிழமை விடியற்காலை திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எங்கள் நால்வரிடமும் ஒரு பட்டியல் இருந்தது. குகை நமசிவாயர் குகை, விருபாட்ச குகை, மாமரத்துக் குகை, கந்தாசிரமம், அதற்கு மேலே பெயர் தெரியாத மூன்று. ஒரே நாளில் ஏழு. பையில் நான்கு டார்ச், பிஸ்கட், இருபது மீட்டர் நைலான் கயிறு. கயிறு எதற்கு என்றதற்கு, “மஞ்சும்மல் பாய்ஸ் பாக்கலையாடா நீ?” என்றான் வாங்கி வந்தவன்.

காலை டிபன் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது பிற்பகல் மூன்றைத் தாண்டிவிட்டது. படிகளில் மூச்சிரைக்க ஏறி விருபாட்ச குகைக்குப் போய்ச் சேர்ந்தால், கதவைச் சாத்தியிருந்தார்கள்.

ரமணர் 1899 முதல் 1916 வரை வாழ்ந்த இடம் அது. கோடையில் அங்கே தண்ணீர் இருக்காது என்பதால் மாமரத்துக் குகைக்கு இடம் மாறுவாராம். பிறகு 1922 வரை கந்தாசிரமம். இந்த மலையில் குகை என்பது வீடு. எங்களுக்கோ அது பட்டியலில் டிக் அடிக்க வேண்டிய ஓர் இனம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேகாலயாவில் சுண்ணாம்புக்கல்லை நீர் அரித்து அரித்து, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குகைகள் இருக்கின்றன. அண்ணாமலை கருங்கல் மலை. இங்கே பெரும்பாலான குகைகள் பாறைமேல் பாறை சாய்ந்ததால் உண்டான இடுக்குகள்தான். அந்தப் பாறைகளைத் தாங்குவது மண். மண்ணோ மழைக்குக் கட்டுப்பட்டது.

சாத்திய கதவுக்கு முன் நின்றிருந்தபோது ஒருவர் வந்தார். “மேல ஒரு குகை இருக்குது சார். யாருக்கும் தெரியாது. தலைக்கு இருநூறு குடுங்க, அரை மணி நேரத்துல காட்டிட்டு இட்டாந்துடறேன்.” மலையேற வனத்துறை அனுமதி வேண்டுமே என்றோம். அதெல்லாம் கண்டுக்க மாட்டாங்க என்றார். கயிறு வைத்திருந்தவன் பையை இறுக்கிக்கொண்டான். எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “மழ பேஞ்ச கல்லு சாமி. மலைய நம்பலாம், கல்ல நம்பக் கூடாது.”

எங்களில் அதிகம் பேசாதவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். “நான் வரல. நீங்களும் போக வேணாம்.”

கோபம் வந்தது. வார்த்தைகள் தடித்தன. “பயந்தாங்கொள்ளி” என்ற பட்டமும் கொடுத்தோம். ஆனால் மூன்று பேராகப் போகவும் யாருக்கும் மனம் வரவில்லை. இறங்கினோம்.

இறங்கும் வழியில் மலையின் அடிவாரத் தெருக்கள் தெரிந்தன. அங்கேதான் எங்கோ வ.உ.சி. நகர். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையிலிருந்து சரிந்த மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அப்போது செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்திருந்தேன். கால் வழுக்கும் படியில் நின்று பார்க்கும்போதுதான் அது எடையோடு வந்து உட்கார்ந்தது.

கயிறு வாங்கியவன் சொன்ன படத்தின் நிஜக்கதை 2006இல் நடந்தது. கொச்சி அருகே மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்கள், தடை செய்யப்பட்ட குணா குகைப் பகுதிக்குள் போனார்கள். சுபாஷ் என்ற இளைஞர் பாறைப் பிளவுக்குள் விழுந்தார். நண்பர் சிஜு டேவிட் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். பின்னர் ஜீவன் ரக்ஷா பதக்கமும் பெற்றார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தக் கயிறு. தடுப்புக்கு முன்னால் அவர்கள் நின்றிருக்கக்கூடிய ஒரு நிமிடத்தை யாரும் நினைப்பதில்லை.

2018 ஜூன் 23இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் கால்பந்துப் பயிற்சியாளரும் சீக்கிரமே திரும்பிவிடலாம் என்றுதான் போனார்கள். மழைவெள்ளம் வாசலை அடைத்தது. கடைசி ஆள் வெளியே வர ஜூலை 10 ஆகிவிட்டது. மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் உயிரோடு திரும்பவில்லை. முன்பு துறவியாக இருந்த அந்தப் பயிற்சியாளர், இருட்டில் பையன்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தாராம்.

மாலை, வேறு போக்கிடமில்லாமல் பெரிய கோயிலுக்குப் போனோம். ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம். சில படிகள் இறங்கினால் நிலவறை. எங்கள் பட்டியலில் இல்லாத இடம்.

1896இல் மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயதுப் பையன் வெங்கடராமனின் பயணமும் திட்டப்படி நடக்கவில்லை. பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பது வண்டியில் உடன்வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. செப்டம்பர் 1ஆம் தேதி வந்துசேர்ந்தவன், பிறகு இந்த நிலவறையில் போய் உட்கார்ந்தான். தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. வெளியே பையன்கள் கல்லெறிந்தார்கள். சேஷாத்ரி சுவாமிகள் காவல் நின்று பார்த்தார். கடைசியில் வெங்கடாசல முதலியார் என்பவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்களை அழைத்து வந்து, உணர்வற்றிருந்தவரை வெளியே தூக்கி வந்தார். தூக்கப்பட்டவருக்கு அதுவே தெரியாது. பின்னாளில் அவரை உலகம் ரமண மகரிஷி என்றது. தூக்கி வந்தவர் பெயர் வாழ்க்கை வரலாற்றின் சில வரிகளில் நின்றுவிட்டது.

குகையிலிருந்து ஒருவரை வெளியே கொண்டுவந்தால் அந்த அளவுக்காவது பெயர் நிற்கும். போகவிடாமல் தடுத்தவனுக்கு அதுவும் கிடையாது. எந்த விபத்தும் நடக்கவில்லையே, எதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொன்னவன் நான்தான். எழுப்பி ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். தலைக்கு மேலே, லக்கேஜ் கம்பியில், கயிறு கடைக்காரர் சுற்றிக் கொடுத்தபடியே இருந்தது.