ஊசி போட்டவருக்கும் நோய் வந்ததே, பிறகென்ன பயன்?

இப்படிக் கேட்பவர்கள் நம் மஹல்லாவில் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தெரிந்த ஒருவரை மட்டும் வைத்து இதற்குப் பதில் காண முடியாது. ஊசி போட்டவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை, போடாதவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை என்று இரண்டு பக்கமும் எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிய ஆய்வு ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஏப்ரல் 13 முதல் மே 14 வரை அவர்களில் 31 பேர் கொரோனாவால் இறந்தார்கள். அந்த 31 பேரில் 11 பேர் ஒரு தவணையாவது ஊசி போட்டவர்கள். இதோடு நிறுத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், படிப்பவர் பயந்துவிடுவார்.

மொத்தத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர், இறந்தவர்கள் 20. ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டு தவணையும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4. லட்சம் பேருக்கு என்று மாற்றினால் 117, 21, 6. நூற்றுப்பதினேழு ஆறாகக் குறைந்தது ஏறக்குறைய 95 சதவீதக் குறைவு. "95 சதவீதப் பலன்" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேர் இறப்பார்கள் என்பது அதன் பொருளல்ல. இந்தத் தவறான அர்த்தம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

எதைத் தடுப்பதில் பலன் என்பதையும் கேட்க வேண்டும். அதே ஆண்டு வேலூர் சி.எம்.சி. ஊழியர்களிடம் கணக்கிட்டபோது, தொற்றையே தடுப்பதில் 65 சதவீதம், மருத்துவமனையில் சேர்வதைத் தடுப்பதில் 77, ஆக்சிஜன் தேவைப்படுவதைத் தடுப்பதில் 92 என்று வந்தது. நோய் கடுமையாக ஆக, ஊசியின் காவலும் கூடுகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு வேண்டியதும் அந்தக் காவல்தானே!

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போடுபவர் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவராக இருந்தால், பலன் ஊசியாலா, கவனிப்பாலா? இதற்காக இன்ஃப்ளூயன்சா ஊசியை அளக்கும்போது வேறு வழி வைத்திருக்கிறார்கள். காய்ச்சல், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வரும் எல்லோருக்கும் பரிசோதனை செய்வார்கள். இன்ஃப்ளூயன்சா உறுதியானவர்கள் ஒரு பக்கம், வேறு காரணத்தால் வந்தவர்கள் மறுபக்கம். இரு பக்கமும் மருத்துவமனை தேடி வந்தவர்கள் என்பதால் அந்த வித்தியாசம் பெருமளவு குறைகிறது. உதாரணத்துக்கு, உறுதியான 100 பேரில் ஊசி போட்டவர் 20, போடாதவர் 80. மற்ற 100 பேரில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கம் ஒன்றுக்கு நான்கு, மறுபக்கம் ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் பலன் 75 சதவீதம்.

இன்ஃப்ளூயன்சா கிருமி உருமாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஊசியையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அளக்கவும் வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. ஹஜ்ஜுக்குப் போகும் முதியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசியோடு இதையும் போடுவது, அத்தனை பெரிய கூட்டத்தில் மூச்சு வழியே பரவும் நோய் என்பதால்தான்.

ஊசி போட்ட அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். வாப்பாவையோ உம்மாவையோ மருத்துவமனையில் சேர்க்கும்போது, "ஊசி போட்டாரா, எப்போது?" என்று கேட்டால் தேதியோடு சொல்லலாம்.