அடுத்து வருபவருக்காகக் கட்டிய வீடு

இங்கிலாந்தின் தென்பகுதியில், சாலிஸ்பரி நகரை ஒட்டிய பெமர்ட்டன் என்னும் சிற்றூரில், குறுகிய சாலையின் ஒருபுறம் மிகச் சிறிய தேவாலயமும் மறுபுறம் நாடர் நதிவரை சரிந்திறங்கும் தோட்டத்தோடு அதன் குருமனையும் நிற்கின்றன. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஆஸ்தானப் பேச்சாளராக விளங்கியவரும் பார்லிமெண்டில் இடம்பெற்றிருந்தவருமான கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், 1630ஆம் ஆண்டில் இவ்வூருக்குக் குருவாக வந்தபோது, ஆலயத்தை ஜீர்ணோத்தாரணம் செய்ததோடு, சிதிலமடைந்திருந்த குருமனையின் பெரும்பகுதியையும் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் புதிதாக எழுப்பினார். அதில் அவர் வாழ்ந்ததோ மூன்றே ஆண்டுகள். 1633இல், நாற்பது வயது நிரம்புமுன் காலமானார்.

தமக்குச் சொந்தமல்லாத வீட்டுக்கு அவர் இவ்வளவு செலவிட்டார் என்பது கவனிக்கத் தக்கது. குருமனையில் குருவுக்கு இருந்தது அநுபவ பாத்தியதை மட்டுமே. அதை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது என்பதோடு, பராமரிக்காமல் பாழாக விட்டால், பின்னால் வரும் குரு அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ நஷ்டஈடு கோரவும் சட்டத்தில் இடமிருந்தது. ஹெர்பர்ட் இதை நன்குணர்ந்தவர் போலும். கூடத்துக் கணப்படுப்பின் மேல், தமக்கு அடுத்து வருபவரை விளித்து, செலவின்றிக் கிடைத்த வீட்டுக்கு ஈடாக ஏழைகளுக்கு உதவும்படி சில வரிகளைப் பொறித்துவைத்தார் என்று, 1670இல் அவர் சரித்திரத்தை எழுதிய ஐசக் வால்ட்டன் கூறுகிறார்.

குருமனை பாதி வீடு, பாதி காரியாலயம். கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் நாள் குறிக்க வருகிறவர்கள் குடும்பத்தார் புழங்கும் அறைகளைக் கடக்க வேண்டாதபடி, குருவின் வாசிப்பறையை முன்வாசலுக்கு அருகிலேயே அமைப்பது பல குருமனைகளில் வழக்கமாயிற்று. பதவியின் வருமானத்தை ஈடுகாட்டிக் கடன் வாங்க 1776ஆம் ஆண்டுச் சட்டம் அநுமதித்த பிறகு, குருமார்கள் தாராளமாகக் கட்டலாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில சிற்றூர்க் குருமனைகள் ஜமீன் மாளிகைகளோடு போட்டியிட்டன. தசமபாகம் செலுத்திய குடியானவன் அந்த ஜன்னல்களை எண்ணிப் பார்த்திருக்க மாட்டானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் வேலையாட்கள் அருகி, பராமரிப்புச் செலவு ஏற, திருச்சபை இப்பெரிய வீடுகளை விற்றுவிட்டுக் குருமார்களைச் சிறிய புது வீடுகளில் குடியேற்றியது. 'பழைய குருமனை' என்ற பெயர்ப்பலகையே விலையை உயர்த்தும் அளவுக்கு, உயரமான கதவுகளும் சுற்றிலும் தோட்டமும் வசதி படைத்தோரைக் கவர்ந்தன.

பெமர்ட்டன் வீட்டை 1996இல் வாங்கிப் புதுப்பித்தவர், கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் விக்ரம் சேத். வீட்டைப் பெருமைக்குரிய சொத்தாக வைத்துக்கொள்வதோடு அவர் நின்றுவிடவில்லை. ஹெர்பர்ட் கையாண்ட செய்யுள் வடிவங்களிலேயே சில கவிதைகளை இயற்றினார். சாலிஸ்பரிப் பேராலயத்தின் சங்கீதத்தைக் கேட்க வாரம் இருமுறை நடந்துசென்றவர் ஹெர்பர்ட். சேத் எழுதிய அக்கவிதைகளுக்கும் அலெக் ராத் என்பவர் இசையமைத்திருக்கிறார்.